வாயிலும் வாயில்காப்போனும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

இணைய இணைப்புப் பெறும் இல்லமொன்றினுள் அவ்விணைப்போடு கூடவே சிறு பெட்டியொன்றும் வந்து சேர்கின்றது. சுவரிலே ஆணியறைந்து மாட்டப்பட்டோ, தொலைக்காட்சிக்கு அருகே தூசி படிய வைக்கப்பட்டோ, இரவும் பகலும் விளக்குகள் மினுங்க இயங்கும் அப்பெட்டியை ரவுட்டர் என்கிறோம். அதனை வீட்டார் தேர்ந்தெடுப்பதில்லை; திறந்து பார்ப்பதுமில்லை. இணைப்பை வழங்கும் கம்பனி கொண்டுவந்து வைக்கின்றது. பழுதடைந்தாற் கம்பனியே மாற்றித் தருகின்றது. இவ்வேற்பாட்டிற் பெரும்பாலோர் குறையெதனையும் காண்பதில்லை. எனினும் ஒரு சிறுபான்மையினர் அப்பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தாமே வாங்கிய மொடெமையும் தாமே அமைத்த தீச்சுவரையும் அவ்விடத்தில் வைத்துக்கொள்கின்றனர். இவர்களது செயல் தொழினுட்பம் தெரிந்தோரின் பொழுதுபோக்கு மாத்திரந்தானா, அன்றி அதனுள்ளே ஒழுக்கவியலுக்குரிய வினாவொன்று பொதிந்துள்ளதா என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். மெய்யியல் பயில்வோருக்கு ரவுட்டரிலே என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். வீட்டுக்கும் தெருவுக்கும் இடையிலான எல்லையை வகுப்பவர் யார் என்ற வினா அரசியல் மெய்யியலில் மிகப் பழையது என்பதே அவர்களுக்குரிய விடை.

அப்பெட்டி செய்யும் தொழில் யாது என்பதை முதலிலே தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். ஒரே கூட்டினுள் வெவ்வேறான நான்கு தொழில்கள் அடக்கப்பட்டுள்ளன. தெருவிலிருந்து செப்புக் கம்பி வழியாகவோ ஒளியிழை வழியாகவோ வரும் சமிக்ஞையைக் கணினிகள் விளங்கிக்கொள்ளும் வடிவுக்கு மாற்றுவது ஒன்று. இதுவே மொடெமின் வேலை. ஒளியிழை இணைப்பில் இதனைச் செய்யும் கருவி வேறு பெயர் பெறினும் பணி அதுவே. வெளியுலகுக்கு ஒரே முகவரியோடு தோன்றும் வீட்டினுள்ளே பல கருவிகள் இருக்க, வந்த தரவுப் பொதிகளை உரிய கருவிக்குப் பகிர்ந்தனுப்புவது இன்னொன்று. அழையாமல் வெளியிலிருந்து வருவனவற்றை வாயிலிலேயே நிறுத்துவது மூன்றாவது. தீச்சுவர் எனப்படுவது இது. வைஃபை என்னும் கம்பியில்லா வலையமைப்பை வீட்டினுள் பரப்புவது எஞ்சிய தொழில். இவற்றுள் முதலாவது தெருவைச் சார்ந்தது. ஏனைய மூன்றும் வீட்டைச் சார்ந்தவை. ஆகவே, தெருவுக்கும் வீட்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு அப்பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகின்றது. பெட்டி முழுவதும் கம்பனியின் கையில் இருக்கும்போது, கோட்டுக்கு இப்பால் உள்ள பகுதியும் கம்பனியின் கையிலேயே இருக்கின்றது.

கையில் இருக்கின்றது என்பது இங்கே உவமையாகக் கூறப்பட்டதன்று. கம்பனிகள் தம் நிலையத்திலிருந்தவாறே இலட்சக்கணக்கான வீட்டுப் பெட்டிகளைப் பராமரிப்பதற்கென 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ரி.ஆர்-069 என்னும் நியமம் உலகெங்கும் வழக்கிலுள்ளது. அதன் வழியாகப் பெட்டியினுள் உள்ள மென்பொருளைப் புதுப்பிக்கலாம், அமைப்புக்களை மாற்றலாம், பெட்டியை நிறுத்தி மீள இயக்கலாம், எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்று பட்டியல் கேட்கலாம். வாடிக்கையாளர் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருக்கையிலும் இவை நிகழலாம். பெரும்பாலும் நன்மைக்காகவே நிகழ்கின்றன என்பதையும் நேர்மையாகக் கூறிவிட வேண்டும்.

மாற்றியமைப்போர் செய்வது இதுதான். கம்பனியின் பெட்டியை, வந்ததை வந்தபடியே கடத்திவிடும் வெறும் பாலமாக்குகின்றனர். இயலுமான இடங்களில் அதனை முற்றாகவே அகற்றுகின்றனர். அதற்குப் பின்னால், இரண்டு வலையமைப்புத் துளைகள் கொண்ட பழைய கணினியொன்றோ சிறு கருவியொன்றோ வைக்கப்படுகின்றது. 2004இல் தொடங்கிய பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து பிரிந்து 2015இல் வெளிவந்த ஓபிஎன்சென்ஸ் ஆகிய தீச்சுவர் மென்பொருள்கள் இதற்கெனப் பெயர் பெற்றவை. கடையில் விற்கும் சாதாரண ரவுட்டர்களிலேயே ஓடக்கூடிய ஓபன்டபிள்யுஆர்டி என்பதன் பிறப்பு சுவையானது. லிங்சிஸ் கம்பனியின் நீலநிற ரவுட்டரொன்றினுள் லினக்ஸ் இருப்பது தெரியவந்தபின், லினக்ஸின் உரிம நிபந்தனைக்கு அமைய அதன் மூலநிரலை 2003இல் அக்கம்பனி வெளியிட நேர்ந்தது. அம்மூலநிரலிலிருந்தே 2004இல் அத்திட்டம் முளைத்தது. பூட்டிய பெட்டியொன்று உரிமத்தின் ஒரு வாசகத்தாற் திறந்துகொண்ட வரலாறு இது.

மாற்றம் எளிதென எவரும் எண்ணிவிடலாகாது. இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். சில கம்பனிகள் அவற்றைத் தருவதில்லை. வீட்டுத் தொலைபேசியும் தொலைக்காட்சிச் சேவையும் கம்பனியின் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருப்பின் பெட்டியோடு அவையும் போய்விடும். தொலைக்காட்சிக் கேபிள் வழியாக இணையம் பெறும் நாடுகளில் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே மொடெமை நாமே பணங்கொடுத்து வாங்கினாலும், அதற்குரிய அமைப்புக் கோப்பையும் உள்மென்பொருளையும் அனுப்புவது கம்பனியே. பற்றுச்சீட்டு நம் பெயரில் இருக்கும்; கட்டளை அவர்களுடையதாக இருக்கும். உடைமையும் ஆட்சியும் வெவ்வேறானவை என்பதைச் சட்ட விரிவுரையிற் கேட்பதிலும் இம்மொடெமிற் காண்பது தெளிவாயிருக்கின்றது.

இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏ.ரி. அன்ட் ரி. என்னும் தொலைபேசிக் கம்பனி, தன் கருவியல்லாத எதனையும் தன் வலையமைப்போடு இணைத்தலாகாது என நெடுங்காலம் விதித்திருந்தது. தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொண்டால் அருகிலிருப்போருக்குப் பேச்சுக் கேளாதபடி செய்யும் கிண்ணம் போன்ற ஹஷ்-ஏ-போன் என்னும் சிறு பொருளைக்கூட அது தடைசெய்தது. கம்பியோடு மின்தொடர்பே இல்லாத அக்கிண்ணத்துக்காக வழக்கு நடந்தது. 1955இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கம்பனியின் பக்கம் நின்றது. 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்மானத்தைத் தள்ளியது. தனக்கு நன்மை தருவதும் பொதுமக்களுக்குத் தீங்கு விளைக்காததுமான முறையிலே தொலைபேசியைப் பயன்படுத்தச் சந்தாதாரருக்கு உரிமையுண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் தோமஸ் காட்டர் என்பவர் தொலைபேசியையும் வானொலித் தொடர்புக் கருவியையும் இணைக்கும் காட்டர்போனை உருவாக்க, 1968இல் அவ்வாணைக்குழுவே அதனை அனுமதித்தது. பிறர் தயாரித்த மொடெம்கள் தொலைபேசிக் கம்பியைத் தொடுவதற்கான வழி இவ்வாறே திறந்தது.

ஐரோப்பாவில் இதே வினா வேறு சொற்களில் எழுந்தது. 2015ஆம் ஆண்டின் 2120ஆம் இலக்க ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி, தாம் விரும்பும் முனைக்கருவியைப் பயன்படுத்தும் உரிமையை இணையப் பயனாளருக்கு வழங்கியது. ஆனால் முனை எது? கம்பனியின் வலையமைப்பு சுவரிலுள்ள துளையோடு முடிகின்றதா, அன்றிப் பெட்டியையும் கடந்து வீட்டினுள் முடிகின்றதா? பெட்டி வலையமைப்பின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டால், பயனாளரின் தேர்வுரிமை பெட்டிக்குப் பின்னாலேதான் தொடங்கும். உரிமை தாளில் இருக்கும், வாயில் கம்பனியிடம் இருக்கும். ஜேர்மனி இதற்குத் தெளிவான விடையளித்தது. வலையமைப்பு சுவரிலுள்ள துளையோடு முடிகின்றது எனக் கூறும் சட்டம் 2016ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதலாம் திகதி அங்கு நடைமுறைக்கு வந்தது. இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் முதலியவற்றைச் சந்தாதாரர் கேளாமலே, கட்டணமின்றிக் கையளித்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. ஒரு சொல்லின் பொருளை, ‘முனை’ என்ற சொல்லின் பொருளை, நிர்ணயித்தமையால் கோடிக்கணக்கான வீடுகளின் எல்லை ஒரே நாளிற் சற்று வெளியே நகர்ந்தது.

இனி ஒழுக்கவியற் பிரச்சினைக்கு வருவோம். கம்பனி அப்பெட்டியைக் கொண்டு நமக்குத் தீங்கெதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருநாளும் ஒட்டுக்கேட்கவில்லை, அமைப்புக்களைக் கெடுக்கவில்லை, உரிய காலத்தில் மென்பொருளைப் புதுப்பித்து வருகின்றது. அந்நிலையிலும் முறையிடுவதற்கு நம்மிடம் ஏதும் உண்டா? தீங்கு நேர்ந்தால் மாத்திரமே குறையுண்டு எனக் கொள்வோர் இல்லையென்பர். பிலிப் பெற்றிற் என்னும் மெய்யியலாளர் 1997இல் வெளியிட்ட குடியரசுவாதம் பற்றிய நூலிற் கூறும் நிலைப்பாடு வேறு. அவர் கருத்துப்படி சுதந்திரம் என்பது தலையீடு இல்லாமை மாத்திரமன்று. விரும்பியபோது தலையிடக்கூடிய, கேள்வி கேட்கப்படாத வலு பிறரிடம் இல்லாமையே சுதந்திரம். நல்ல எசமானிடம் அகப்பட்ட அடிமை அடிபடாமலிருக்கலாம். ஆயினும் அடிபடாமை எசமானின் மனநிலையைப் பொறுத்திருக்கும்வரை அவன் அடிமையே.

இதனை விளங்கிக்கொள்ள அடிமை முறை வரை செல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தை அண்டிய வீடுகளில் வாடகைக்கு அறையெடுத்துத் தங்கும் மாணவர் அனைவரும் இதனை அறிவர். அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று நம்மிடம், மற்றையது வீட்டுக்கார அம்மாவிடம். அவர் தங்கமானவர்; நாம் இல்லாதபோது ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. எனினும் நாட்குறிப்பை மேசையில் வைத்துவிட்டு வருவதற்கும் அலுமாரியிற் பூட்டிவிட்டு வருவதற்கும் உள்ள வேறுபாடு அவ்விரண்டாவது சாவியால் விளைந்தது. அவர் வராமலே நம் ஒழுகலாறு மாறிவிட்டது. மழை கொட்டுகையில் யன்னலைச் சாத்திவிடவும், நீர்க்குழாய் வெடித்தால் ஓடிவந்து நிறுத்தவும் அதே சாவிதான் உதவுகின்றது என்பதும் உண்மையே. பெட்டியை மாற்றுவோர் இரண்டாவது சாவியைத் திரும்பப் பெற முயல்கின்றனர். அவர்களது நியாயம், கம்பனி கெட்டது என்பதில் தங்கியிருக்க வேண்டியதில்லை. கம்பனி நல்லதாயிருந்தாலும் அந்நியாயம் நிற்கும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவது தொழிற் பிரிவினை பற்றிய வாதம். நாம் நமக்கு வேண்டிய மருந்தைத் தயாரிப்பதில்லை. நம் பற்களை நாமே பிடுங்குவதில்லை. அறிந்தவரிடம் விட்டுவிடுவதே நாகரிகத்தின் அடிப்படை. அவ்வாறிருக்கத் தீச்சுவரை மாத்திரம் ஏன் ஒவ்வொருவரும் தாமே கட்ட வேண்டும்? இம்மானுவேல் கான்ற் 1784இல் அறிவொளி பற்றி எழுதிய சிறு கட்டுரையில் இதற்கு மறுமொழி உண்டெனச் சிலர் காட்டுவர். தமக்காகப் பிறர் சிந்திக்கும்படி விட்டுவிட்டுப் பணங்கொடுத்து அமைதி பெறும் மனிதரை அவர் அங்கே கடிந்துரைக்கின்றார். உணவு பற்றித் தீர்மானிக்கும் மருத்துவரும் அவ்வரிசையில் வருகின்றார். ஆயினும் கான்ற்றை ரவுட்டருக்குப் பொருத்துவது சற்று மிகையென்றே தோன்றுகின்றது. ஒருவருக்கு வலையமைப்பு பற்றித் தெரியாமை கோழைத்தனமுமன்று, சோம்பலுமன்று. அவருக்கு வேறு வேலைகள் உள்ளன.

தொழிற் பிரிவினை வாதத்தை இன்னும் பொருத்தமாக எதிர்கொள்ள மின்சாரத்தை நோக்கலாம். மின்மானி வரை வருவது மின் வழங்குநரின் பொறுப்பு. மின்மானிக்கு இப்பால் உள்ள கம்பிகளும் ஆளிகளும் வீட்டாருடையவை. வீட்டாருக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாமலிருக்கலாம். அவர்கள் தாம் நம்பும் மின்தொழிலாளி ஒருவரை அழைக்கின்றனர். அவர் சரியில்லையெனில் அடுத்த முறை இன்னொருவரை அழைக்கின்றனர். அறியாமைக்கும் ஆட்சியின்மைக்கும் அவசியத் தொடர்பில்லை என்பது இதனால் தெளிவாகும். அறிந்தவரிடம் விடுவது வேறு. விடுவதைத் தவிர வேறு வழியின்றி, யாரிடம் விடுவது என்ற தெரிவும் இன்றி இருப்பது வேறு. ஜேர்மன் சட்டம் ஒவ்வொருவரும் தீச்சுவர் கட்ட வேண்டும் எனக் கூறவில்லை. கம்பனியின் பெட்டியையே தொடர்ந்து வைத்திருக்க விரும்புவோர் வைத்திருக்கலாம். அவ்வாறு வைத்திருத்தல் அப்போது ஒரு தெரிவாகின்றது.

கொள்கையளவில் இவ்வாறு கூறிவிடலாம். நிகழ்ந்தவை அத்துணை எளிதாக ஒரு பக்கம் சாய்வதில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2016ஆம் ஆண்டின் நவம்பர் இறுதியில், ஜேர்மனியில் டொயிச்ச ரெலிகொம் கம்பனியின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் ரவுட்டர்கள் செயலிழந்தன. தொலைவிலிருந்து பராமரிப்பதற்கென வைக்கப்பட்ட வாயிலைத் தேடி உலகெங்கும் அலைந்த தாக்குதலொன்றே காரணம். இரண்டாவது சாவிக்காக இடப்பட்ட துளை கள்வனின் கைக்கும் எட்டியது என்பர் மாற்றுவோர். ஆனால் அப்பெட்டிகள் குணமானதும் கம்பனி அனுப்பிய புதிய மென்பொருளாலேயே. அமெரிக்காவில் 2023 ஒக்ரோபரில், ஒரே கம்பனியின் வாடிக்கையாளரிடமிருந்த 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் 72 மணித்தியாலங்களுள் மீளப் பயன்படுத்த இயலாதவாறு அழிக்கப்பட்டன. பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. அச்சேவைப் பரப்பில் கணிசமான பகுதி கிராமப்புறங்கள் என்பதை 2024இல் வெளிவந்த ஆய்வறிக்கை சுட்டுகின்றது. எல்லா வீட்டிலும் ஒரே பெட்டி, ஒரே மென்பொருள் என்றிருப்பதன் ஆபத்து அங்கே தெரிந்தது.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 2018 மே மாதத்தில் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் வரையான கருவிகளுட் புகுந்திருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை மக்கள் தாமே கடையில் வாங்கி மாட்டிய சிறு ரவுட்டர்கள். அமெரிக்கப் புலனாய்வுத்துறை, ரவுட்டர்களை ஒருமுறை நிறுத்தி மீள இயக்குமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தம் உடைமையாகிய பெட்டியைப் பலர் வாங்கிய நாளின் பின்னர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

இங்கே ஜோன் ஸ்ருவாட் மில்லின் பெயர் வராமற் போகாது. பிறருக்குத் தீங்கு விளையாத அளவில் ஒருவர் தம் விருப்பப்படி ஒழுகலாம் என 1859இல் அவர் வகுத்த எல்லை, தீச்சுவர் விடயத்தில் எதிர்பாராத திருப்பம் பெறுகின்றது. என் வீட்டு வாயிலை நான் திறந்து போட்டால் களவுபோவது என் பொருள். அது என் பாடு. ஆனால் இணையத்தில் என் வீட்டு வாயில் திறந்திருந்தால் கள்வன் என் பொருளை எடுப்பதிலும், என் வீட்டைத் தங்குமடமாக்கி அயலாரைத் தாக்குவதிலேயே அதிக நாட்டங்கொள்கிறான். 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி, டின் என்னும் நிறுவனத்தின் பெயர்முகவரிச் சேவையைத் திணறடித்துப் பல பெரிய இணையத்தளங்களை மணிக்கணக்கில் எட்டாக்கனியாக்கிய மிராய் படை, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடப்பட்ட கமராக்கள் முதலிய சாதாரண வீட்டுக் கருவிகளால் ஆனது. அவற்றின் உரிமையாளர்க்குத் தம் கமரா சேவகம் செய்வது யாருக்கு என்று தெரியவே தெரியாது. ஆகவே சாவியைத் திரும்பப் பெறுபவர் ஒரு கடமையையும் கூடவே பெறுகின்றார். மென்பொருள் புதுப்பிப்பு வெளிவந்த அன்றே அதனைப் பொருத்துதல், உற்பத்தியாளர் கைவிட்ட கருவியைத் தாமும் கைவிடுதல் முதலியன அக்கடமையின் உறுப்புக்கள். பரீட்சைக் காலத்திலும் அக்கடமை விடுமுறை எடுப்பதில்லை.

அக்கடமையைச் செவ்வனே செய்பவரும் நம்பிக்கையின் தேவையிலிருந்து விடுபடுவதில்லை. யுனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியவருள் ஒருவரான கென் தொம்சன், 1984இல் வெளியான தம் விருதுரையில், மூலநிரலிலே எவ்விதத் தடயமும் இல்லாதவாறு மென்பொருளொன்றினுள் கள்ளவழியை ஒளித்துவைக்கும் முறையைச் செய்து காட்டினார். முழுவதும் தாமே ஆக்காத நிரல் எதனையும் முற்றாக நம்புதல் இயலாது என்பது அவர் முடிபு. பிஎஃப்சென்ஸை நிறுவுபவர் அதன் ஆக்குநரை நம்புகின்றார். கணினியைச் செய்தவரை நம்புகின்றார். சில்லைச் செய்தவரையும் நம்புகின்றார். நம்பிக்கை இடம் மாறியிருக்கின்றது. பலர் திறந்து பார்க்கக்கூடிய நிரலில் வைக்கும் நம்பிக்கை, எவரும் பார்க்கவியலாத பெட்டியில் வைக்கும் நம்பிக்கையிலும் மேலானது என்பது என் கருத்து. மேலானது என்பதற்கு மேல் அதனைப் பற்றி நான் எதுவும் கூறத் துணியேன்.

தெருவின் மீது இதனால் ஆட்சி கிடைப்பதுமில்லை. எந்தப் பெட்டியை வைத்தாலும் நம் போக்குவரத்து முழுவதும் கம்பனியின் கம்பி வழியாகவே செல்கின்றது. எந்த முகவரிகளோடு தொடர்பு கொள்கிறோம் என்பதை அக்கம்பி அறியும். நம் நாட்டில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அம்முடக்கங்கள் வழங்குநரின் வலையமைப்பில் நிகழ்ந்தவை. தமது தீச்சுவரைத் தாமே கட்டியவரும் கம்பனிப் பெட்டி வைத்திருந்தவரும் அன்று ஒரேவிதமாகவே வெறுந்திரையைப் பார்த்தனர். தெருவின் நீதிக்குத் தெருவிலேதான் வழக்காட வேண்டும். வீட்டுக் கதவை எவ்வளவு உறுதியாகச் செய்தாலும் அது அவ்வழக்குக்கு ஈடாகாது.

இவையெல்லாம் வாயிலுக்கு வெளியே நோக்கிய சிந்தனைகள். இவ்விடயம் பற்றி நான் வாசித்தவற்றுட் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடுகின்றன. வாயிலுக்கு உள்ளே நோக்கும்போதே, என் கருத்தில், வினா கடினமாகின்றது. தீச்சுவரை அமைப்பவர் வீட்டார் எல்லோரும் அல்லர், வீட்டிலுள்ள ஒருவர். அநேகமாகக் கணினி தெரிந்த மூத்த மகன், சில வீடுகளில் தந்தை, அரிதாகவே மகள். கம்பனியிடமிருந்து திரும்பப் பெறப்பட்ட சாவி ‘வீட்டிடம்’ வருவதில்லை, அவ்வொருவரிடம் வருகின்றது. கம்பனியின் பெட்டியிலும் பன்மடங்கு நுணுக்கமான கருவி அப்போது அவர் கையில் இருக்கின்றது. எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எந்த இணையத்தளத்தின் பெயரைக் கேட்டது என்பதை அது பதிவேட்டில் எழுதிவைக்கக்கூடும். இக்காலத்திற் பெரும்பாலான தளங்கள் மறைகுறியிடப்பட்டிருத்தலால் உள்ளே எழுதப்பட்டதையும் வாசிக்கப்பட்டதையும் அது காணாது; பெயரை மாத்திரமே காணும். பெயரே போதுமானது. தங்கை இரவு பதினொரு மணிக்கு ஒரு நோயின் பெயரைத் தாங்கிய தளத்துக்குச் சென்றாள் என்பதும், அம்மா விவாகரத்துச் சட்டம் பற்றிய பக்கத்தைத் தேடினார் என்பதும், தம்பி வேறொரு மதத்தின் தளத்தை ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கிறான் என்பதும் பெயரிலேயே அடங்கிவிடுகின்றன.

பெற்றிற்றின் அளவுகோலை இப்போது வீட்டினுள் நாட்டிப் பார்ப்போம். கம்பனிக்கு அத்தங்கை யார் என்று தெரியாது. இலட்சக்கணக்கான இணைப்புக்களுள் அவள் ஓர் எண்ணின் பின்னாலுள்ள ஒரு கைத்தொலைபேசி. அவளைப் பற்றி அறிய அதற்கு ஆவலுமில்லை. அண்ணனுக்கு அவளைத் தெரியும், ஆவலும் இருக்கலாம், அறிந்ததைக் கொண்டு அவள் வாழ்க்கையைத் திசைதிருப்பும் வலுவும் நம் குடும்ப அமைப்பில் அவனுக்கு உண்டு. கம்பனிக்கு மேலே ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கின்றது. அது எவ்வளவு திறம்பட இயங்குகின்றது என்பது வேறு விடயம். அண்ணனுக்கு மேலே எவரும் இல்லை. அவன் பதிவேட்டைத் திறந்து பார்க்காத நல்லவனாயிருக்கலாம். நல்ல எசமான் பற்றிக் கூறியதை அவனுக்குப் பொருத்தாமல் விட நியாயமேதும் இல்லை. தொலைவிலுள்ள, நம்மை அறியாத ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு, அருகிலுள்ள, நம்மை நன்கறிந்த ஆதிக்கத்துக்குட் புகுந்தவர்களுக்கு, வீட்டிலே ஒருவர் விடுதலை பெற்றார் என்ற செய்தி என்ன ஆறுதலைத் தரும்?

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சில தளங்களைத் தடுத்தல் முறையே. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அங்கே உண்மையான பொருள் உண்டு. ஆனால் ஏழு வயதுச் சிறுவனுக்கென இட்ட விதி இருபது வயதுப் பெண்ணுக்கும் அறிவித்தலின்றிப் பொருந்துமாறு விடப்படுவதே வழமை. தடுக்கப்பட்டவருக்குத் திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று மாத்திரமே தோன்றும். தடுக்கப்பட்டோம் என்பதே தெரியாது. தடையிலும் இவ்வறியாமை கொடிது என நினைக்கிறேன். தடையை அறிந்தவர் வாதாடலாம்.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொரு நிலையையும் இங்கே சேர்த்து நோக்கல் தகும். தீச்சுவரை அமைத்த மகன் ஒருநாள் வெளிநாடு போகின்றான். கடவுச்சொல் அவன் நினைவிலே போய்விடுகின்றது. மழைக்கால இடியில் கருவி நின்றால், கம்பனியின் தொழினுட்பவியலாளர் வந்து பார்த்து, இது எங்கள் பெட்டியன்று என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் மேல் குற்றமில்லை. எனவே மகன் போகுமுன் இன்னொரு வழியையும் திறந்துவைத்துவிட்டுப் போகின்றான்: தொரன்ரோவிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ வீட்டுப் பெட்டியினுட் புகுந்து திருத்துவதற்கான வழி. அன்போடுதான் அதனைச் செய்கின்றான். பெற்றோரும் மகன் பார்த்துக்கொள்வான் என்று நிம்மதி கொள்கின்றனர். ஆனால் அவன் வைத்துவிட்டுப் போனது, அவன் முதலிலே எதிர்த்த அதே தூரத்துக் கைதான். கைக்கு இப்போது உறவுப்பெயர் உண்டு என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடு பெரிதா சிறிதா என்பதை அக்கைக்குள் வாழ்பவரே கூற வேண்டும். பெரும்பாலும் அவரை எவரும் கேட்பதில்லை.

பெட்டியை மாற்றுதல் நியாயமானது என்றே நான் கொள்கிறேன். ஆனால் அந்நியாயம் இரண்டாவது சாவி பற்றிய வாதத்திலிருந்து பிறந்ததாயின், அவ்வாதம் வாயிலோடு நின்றுவிட இயலாது. தேவையற்ற பதிவேட்டை நிறுத்திவிடல், தடுக்கப்பட்டவை எவை என்று வீட்டார் பார்க்கக்கூடிய கடதாசியொன்றைக் கருவியருகே ஒட்டிவைத்தல், கடவுச்சொல்லைப் பிறிதொருவரும் அறியச் செய்தல், கம்பனியின் பழைய பெட்டியை எறிந்துவிடாது, வேண்டியபோது எவரும் மீண்டும் மாட்டக்கூடியவாறு அலுமாரியில் வைத்தல் என்பன சிறிய செயல்கள். ஆயினும் கம்பனியிடம் நாம் கேட்டவை இவைதாம். தன்னைத் தவிர வேறெவரும் அகற்றவியலாத தீச்சுவரை வீட்டில் நாட்டியவர், கம்பனியின் மீது குறைகூறும் உரிமையை எந்த அடிப்படையில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டம் இவ்விடத்தில் உதவுவதாகத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒருவர் முற்றிலும் தம் சொந்த அல்லது இல்லத் தேவைக்காகச் செய்வனவற்றைத் தன் எல்லையிலிருந்து விலக்கியுள்ளது; இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறே விலக்கியுள்ளது. இல்லத்தினுள் அரசு நுழையாதிருப்பது நன்று என்பதே இதற்கான காரணம், அக்காரணம் வலுவானது. ஜேர்மன் சட்டமும் கடவுச்சொல்லைச் சந்தாதாரரிடம் கையளிக்கச் சொல்கின்றது. சந்தாதாரர் என்பது ஒரு பெயர். ஐவர் வாழும் வீட்டில் மாதக் கட்டணச் சீட்டு அப்பாவின் பெயருக்கு வரும். கடவுச்சொல் அண்ணனிடம் இருக்கும். மற்றைய மூவருக்கும் வைஃபையின் பெயர் தெரியும்.